பிற்சேர்க்கைக்குப் போன ஏழாம் விதி

எட்டுப் பேர் கூடிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட ஒரு விதியை, அவர்களில் ஒருவருக்குத் தெரியாமல் நான் இடம் மாற்றினேன். பிறகு அந்த ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சாரே, நம்ம விதி புஸ்தகத்துல உண்டுல்லா?" என்று கேட்டபோது, "உண்டு" என்றேன்.

இதுதான் நான் செய்தது. நான் யாருடைய பொருளையும் எடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கரையில் இன்று ஒரு பெண், தாலியைக் கழற்றவும் முடியாமல் கட்டியிருக்கவும் முடியாமல் நிற்கிறாள். அந்த நிற்பில் என் கை இருக்கிறது.

எனக்கு எழுபத்து நான்கு வயது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முதலில் கணிதமும் பிற்பாடு கணினியும் கற்பித்தேன். இந்த மாவட்டத்தில் கணினி வைத்துத் தொழில் செய்கிறவர்களில் பாதிப் பேர் என் வகுப்பில் இருந்தவர்கள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்குவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்...

மேகக் கணிமை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் பாதகமில்லை. உங்கள் பதிவுகள் உங்களிடம் இல்லாமல், எங்கோ ஓர் ஊரில், வேறொருவருடைய கணினியில் இருக்கின்றன. வேண்டும்போது வரவழைத்துப் பார்க்கிறீர்கள். அவ்வளவுதான். மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் நாகர்கோவிலிலும் சிறிய நிறுவனங்கள் இந்தச் சேவையை நடத்தின. மருத்துவமனைகள், பள்ளிக்கூடங்கள், ரப்பர் வியாபாரிகள், தேவாலயங்கள் எல்லாம் அவர்களை நம்பிப் பதிவுகளை ஒப்படைத்தன.

ஒப்படைத்தவர்களுக்கு அவர்கள் என்ன கடமைப்பட்டவர்கள்? அதைத் தெளிவாகச் சொல்லும் ஏட்டை எவரும் வைத்திருக்கவில்லை. புகார்கள் எழுந்தன. சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும் முன் நாமே நமக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்வோம் என்று அந்த நிறுவனங்களின் சங்கம் முடிவு செய்தது. யாரையும் வற்புறுத்தாத நெறி. விரும்புகிறவர் கையெழுத்திடலாம், கையெழுத்திட்டபின் கட்டுப்பட வேண்டும். அதை எழுதும் குழுவுக்குத் தலைவராக இருக்கும்படி சங்கத்தின் செயலாளர் ஜெபசிங் என்னை வந்து அழைத்தான். அவனும் என் மாணவன்தான். நல்ல மாணவன்.

குழுவில் ஜெபசிங்கையும் சேர்த்து நிறுவனக்காரர்கள் ஆறு பேர். நான் ஒருவன். சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்றேன். அப்படி வந்தவர்தான் ஸ்டெல்லா டீச்சர்.

அவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடற்கரை ஊர்க்காரர். முன்பொரு புயலில் அவர் ஊர் வள்ளங்கள் சில திரும்பவில்லை. அப்போது, கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு விடியுமுன் கரைக்குப் போகத் தொடங்கினார். கிளம்புகிற ஒவ்வொரு வள்ளத்தின் பக்கத்திலும் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிடுவார். வகுப்பில் வருகை எடுப்பது போல, ஒவ்வொருவரும் "உண்டு டீச்சர்" என்று சொல்ல வேண்டும். முறுக்கிக்கொண்டு நிற்கிற பெரிய மீசைக்காரன்கூடச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வள்ளத்தைத் தள்ள விடமாட்டார்.

ஜெபசிங்கின் நிறுவனம் அவருக்கு ஒரு கைபேசிச் செயலியை நன்கொடையாகச் செய்து கொடுக்க முன்வந்திருந்தது. பெயரைப் பதியலாம், வள்ளத்தில் நிற்பவர்களைப் படம் எடுக்கலாம், எல்லாம் நேராக மேகத்தில் போய்ச் சேரும், கைபேசியில் எதுவும் தங்காது. டீச்சர் தயங்கினார். அவரைச் சம்மதிக்க வைத்தது நான்தான்!

"நோட்டு நனையும் டீச்சர். மேகம் நனையாது" என்றேன். என் சொல்லை நானே ரசித்துக்கொண்டேன்.

டீச்சர் சிரித்தார். "மேகத்த நம்பிக் கடலுக்குப் போறவன் எங்க கரையில கிடையாது சாரே. அது எப்பக் கறுக்கும், எப்பக் கலையும்னு ஆரு கண்டா? நான் நோட்ட மூடணும்னா எனக்கு ஒரு உறுதி வேணும்."

அந்த உறுதிதான் ஏழாம் விதி. மார்த்தாண்டத்தில் ஓர் உணவகத்தின் மாடி அறையில், கீழே நெடுஞ்சாலை வண்டிகள் விடாமல் ஒலியெழுப்பிக் கொண்டிருக்க, இரண்டு அமர்வுகள் முழுக்க அந்த ஒரு விதிக்காக வாதாடினார். சேவையை நிறுத்தப்போகிற நிறுவனம் தொண்ணூறு நாளுக்கு முன்பே வாடிக்கையாளரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்ல வேண்டும். அவருடைய பதிவுகளை எல்லாம், அவரே திறந்து படிக்கக்கூடிய விதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிடைத்தது என்று அவர் கையெழுத்துப் போடும்வரை ஒன்றையும் அழிக்கக்கூடாது.

"மெயில் அனுப்பினா போதாதா டீச்சர்?" என்றார் ஒருவர்.

"எனக்கு மெயில் கிடையாது, எங்க கோயில் பங்கு ஆபீசு மெயிலத்தான் குடுத்திருக்கு. அத ஆரு திறந்து பாக்கா? கல்யாணத்துக்கு விளிச்சாக்கூட, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கையிலதான் அங்க தெரியும்."

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டோம், எட்டுப் பேரும்.

அச்சுக்குப் போகும் வாரம், காலையில் ஜெபசிங் ஓர் ஏத்தன் வாழைக்குலையோடு என் வீட்டுக்கு வந்தான். குலையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, உட்காராமல் நின்றான். இன்றும் அவன் என் முன்னால் உட்கார மாட்டான்.

"சார், ஏழாம் விதி அப்படியே இருந்தா அஞ்சு கம்பெனிக்காரனும் கழண்டிருவான். சொல்லியாச்சு எங்கிட்ட."

"கையெழுத்துப் போட்டார்களே?"

"அது டீச்சருக்க மூஞ்சிக்கு முன்னால போட்டது. சார், நாங்களே வெளிநாட்டுக் கம்பெனிட்ட எடம் வாடகைக்கு எடுத்துத்தான் குடுக்கோம். அவன் எங்களுக்குத் தராத தொண்ணூறு நாள நாங்க எப்படிக் குடுக்க முடியும்? அஞ்சு பேரு போனா நெறியும் இல்ல, புஸ்தகமும் இல்ல. ஒரு வருசம் நீங்க பாடுபட்டது வீணு."

நான் மேசைமேல் இருந்த அச்சுப்படியைப் புரட்டினேன்.

"எடுத்துக் களைய வேண்டாம் சார். பின்னால பிற்சேர்க்கையில 'நல்ல பழக்கங்கள்'னு ஒரு பட்டியல் உண்டுல்லா? முதல் பகுதியில உள்ளதுதான் கட்டாயம், பின்னால உள்ளது அவனவன் இஷ்டம். அங்க தூக்கி வச்சிருங்க. புஸ்தகத்துலதான இருக்கு!"

"டீச்சர்?"

"டீச்சருக்க பட்டியல் எங்கிட்டத்தான் இருக்கு. நான் சாருக்க ஸ்டூடண்டு. மத்தவன் எப்படியும் போவட்டு, நான் ஏழாம் விதிய ஒரு அட்சரம் பிசகாமப் பாப்பேன். சத்தியமா சார். ஒண்ணும் விசாரிக்கப்பிடாது, ஒரு கவலையும் வேண்டாம்."

அன்று நான் என்ன நினைத்தேன்? உங்களிடம் மறைக்க மாட்டேன். அரைக் கிணறு தாண்டியவன் கதை எனக்குத் தெரியும். ஆனாலும் பாதி நெறியாவது இருப்பது நல்லதுதானே என்று ஒரு நியாயம் செய்துகொண்டேன். அது உண்மையான காரணம் இல்லை. உண்மையான காரணம், அச்சுப்படியின் முதல் பக்கத்தில் 'குழுத் தலைவர்' என்பதன் கீழே இருந்த என் பெயர். ஓய்வுபெற்ற பின் என் பெயர் எதிலும் அச்சாகவில்லை... அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள்.

சிவப்பு மையால் ஏழாம் விதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அம்புக்குறி இழுத்து, 'பிற்சேர்க்கைக்கு' என்று எழுதி, கையொப்பமிட்டேன். கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுவது பற்றிய எட்டாம் விதி ஏழாம் இடத்தில் ஏறி உட்கார்ந்தது.

டீச்சரிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னால் அவர் சண்டை போடுவார். சண்டை போட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கும். அதனால் சொல்லவில்லை.

மறுநாள் அவரே அழைத்தார். திருத்திய தாள் என் மடியில், பிற்சேர்க்கைப் பக்கம் மேலே தெரியும்படி கிடந்தது. "சாரே, நம்ம விதி புஸ்தகத்துல உண்டுல்லா? அது உண்டுன்னா நான் நாளைலேந்து நோட்ட மூடிருவேன். நோட்டுலயும் ஃபோன்லயுமா எழுத நேரம் பத்தல்ல."

"உண்டு" என்றேன்.

புத்தகத்தில் இருக்கத்தானே செய்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். கணிதம் படித்தவன் சொல்லும் பொய் அப்படித்தான் இருக்கும்!

அச்சான புத்தகத்தை டீச்சர் திறந்து பார்க்கவில்லை. நெகிழி உறையில் சுற்றி, மூடிய நோட்டுகளின்மேல் வைத்துவிட்டார். "சாரு உண்டுன்னு சொன்ன பிறவு நான் என்னத்துக்கு வாசிக்க?" என்று பிற்பாடு கேட்டார். எங்கள் ஊர்களில் அப்படித்தான். ஆசிரியர் பார்த்துவிட்டார் என்றால் அதற்குமேல் ஒருவரும் பார்ப்பதில்லை. என் வாழ்நாள் முழுக்க நான் அனுபவித்த மரியாதைக்கு அதுதான் பொருள். அதைத்தான் நான் செலவழித்தேன்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நான் அந்தச் சிவப்பு வட்டத்தை மறந்தேவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ஜெபசிங் தன் நிறுவனத்தை விற்றான். வாங்கியவர்கள் பெரிய வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டார்கள். நன்கொடையாகச் செய்து கொடுத்த சிறிய செயலிகளுக்கு ஏழு நாள் கெடு வைத்து ஒரு மின்னஞ்சல் போயிற்று. எங்கே? பங்கு அலுவலகத்துக்கு! டீச்சர் விளையாட்டாகச் சொன்னது போலவே, அது திறக்கப்படாமல் கிடந்தது.

அந்தக் கெடு முடிந்தது ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை விடியுமுன் ஒரு வள்ளம் கிளம்பியது. வழக்கமாக அதில் மூன்று பேர் போவார்கள். அன்று புதுவலை, கூட ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்துக் கரையிலிருந்து வந்திருந்த சூசை என்பவன் கடைசி நேரத்தில் ஏறிக்கொண்டான். டீச்சர் அவன் பெயரைக் கேட்டுப் பதிந்தார். அவன் "உண்டு டீச்சர்" என்றான். நான்கு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். மற்ற வள்ளங்கள் முன்பே போய்விட்டிருந்தன. பார்த்தவர் அவர் ஒருவரே.

வள்ளம் திரும்பவில்லை. இரண்டு நாள் பார்த்தார்கள். வியாழக்கிழமை உச்சிவேளையில் டீச்சர் பட்டியலைத் திறந்தபோது, கைபேசித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் சிக்னல் இல்லை என்று நினைத்தாராம். மாதாவின் குருசடிக் கோயில் மேட்டில் ஏறி நின்று பார்த்தாராம்.

பிறகு என்னை அழைத்தார். "சாரே, பட்டியல் திறக்கமாட்டேங்கு. ஜெபசிங் ஃபோன் எடுக்கல்ல. நீங்க ஒண்ணு விளிச்சுச் சொல்லுங்க. அழிக்கப்பிடாதுன்னு ஏழாம் விதி உண்டுல்லா..."

அந்த நொடியை நான் எப்படி உங்களுக்குச் சொல்வேன்!

என் அழைப்பை ஜெபசிங் எடுத்தான். என் அழைப்பை அவன் எப்போதும் எடுப்பான்.

"சார், மெயில் அனுப்பியாச்சு. முதல் பகுதியில அவ்வளவுதான் சொல்லியிருக்கு. பழைய பதிவு எல்லாம் போச்சு சார், வாங்கினவங்க துடைச்சிட்டாங்க."

"நீ எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தாய்!"

"சார்... கட்டாயம்னா முதல் பகுதியில விட்டிருக்கணும். நீங்கதான சார் பின்னால தூக்கி வச்சது? சிவப்பு மையில உங்க கையெழுத்துலதான் திருத்தம் இருக்கு. எங்கிட்ட அந்தத் தாள் இருக்கு."

பிறகு, பழைய பணிவோடு, "ஒண்ணும் விசாரிக்கப்பிடாது சார்" என்றான்.

துரோகி! மூன்று நாள் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். என் வகுப்பில் முதல் வரிசையில் இருந்தவன்... என் வீட்டில் சாப்பிட்டவன்... நிற்க வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது. அவன் என்னிடம் சத்தியம் செய்யும்போதே அந்தத் தாளைப் பத்திரப்படுத்த நினைத்திருப்பானா? குலையைச் சாய்த்து வைத்த அந்தப் பணிவு பொய்யா? இன்றும் எனக்கு விடை தெரியாது. இன்றும் எரிகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான்காம் நாள் ஒன்று உறைத்தது. அவன் என்னை ஏமாற்றினான் என்று நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் டீச்சர் என்னைப் பார்த்துச் சொல்லலாம். ஓர் எழுத்துக்கூட மாற்றத் தேவையில்லை!

இதற்குள் வள்ளம் கவிழ்ந்த நிலையில் மேற்கே கண்டெடுக்கப்பட்டது. ஓர் உடல் கிடைத்தது. வள்ளக்காரரின் தம்பி, வழக்கமாகப் போகும் மூன்று பேரை மட்டும் காணாமல் போனவர்களாக மீன்வளத் துறையிடம் எழுதிக் கொடுத்திருந்தார். சூசை ஏறியது அவருக்குத் தெரியாது. டீச்சர் போய் நான்கு பேர் என்று சொன்னார். பட்டியல் எங்கே என்று கேட்டார்கள். வள்ளம் போனதற்கு முந்திய நாள் சூசை வீட்டில் சண்டை போட்டிருந்தான். கொச்சிக்குப் போய்விடுவேன் என்று தெருவில் நின்று கத்தியிருந்தான். ஆக, கொச்சிக்குத்தான் போயிருப்பான் என்று முடிவாயிற்று; கடலில் போனவர்கள் கணக்கில் அவன் சேரவில்லை. அவன் மனைவி புஷ்பம், ஊரார் வாயில், கடலுக்கு முன் அழுதாலும் பொய்க்காரி, அழாவிட்டாலும் கல்நெஞ்சுக்காரி.

நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன், இங்கே உங்களுக்குச் சொன்னது போலவே, ஏத்தன் குலை முதற்கொண்டு. புஷ்பமும் அங்கே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

டீச்சர் எழுந்துபோய் நெகிழி உறையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கும் குரலில், "நல்ல பழக்கங்கள்" என்று தலைப்பை வாசித்தார். விதியை முழுவதும் வாசித்தார். அவருடைய சொற்கள்தாம், ஒன்றும் குறையவில்லை.

"பல்லு தேய்க்கதும் நல்ல பழக்கந்தான் சாரே. ஒண்ணாங் கிளாசுல நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

புத்தகத்தை மூடி என் முன்னால் வைத்தார்.

"உண்டுன்னு சொன்னியளே."

"இருந்தது டீச்சர்... பின்னால்..."

"பின்னால கெடக்குன்னு சொல்லியிருந்தா நான் நோட்ட மூடியிருக்க மாட்டேன்லா?"

புஷ்பம் சுவரைவிட்டு நகர்ந்து வந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சரு எனக்க மாப்பிளைய படம் பிடிச்சிருக்காவ. அந்தப் படம் இப்ப எங்க உண்டு?"

"இல்லையம்மா. அழிந்துவிட்டது."

"தானாவா அழிஞ்சுது?"



செய்ய முடிந்ததைச் செய்தேன். பட்டியல் ஒன்று இருந்தது, அது காக்கப்பட வேண்டும் என்ற விதியை நான்தான் அகற்றினேன் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். முழுவதும் படித்துவிட்டு, "ஐயா, பட்டியல் இருந்ததுன்னு சொல்றீங்க, சரி. அதுல சூசைன்னு ஒரு பேரு இருந்ததை நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"இல்லை."

"அப்போ இதை வச்சு நான் என்ன செய்ய முடியும்?"

அவர் கேட்டது சரி. நானும் அவர் இடத்தில் இருந்தால் அதையே கேட்டிருப்பேன்.

ஏழாம் விதியைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும், மாற்றியவன் நான் என்று அடிக்குறிப்பில் போட வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பு வெளிவந்தபோது விதி பிற்சேர்க்கையிலேயே இருந்தது. முதல் பக்கத்தில் என் பெயர்தான் இல்லை. எதற்காக அதைச் செய்தேனோ அது போயிற்று. செய்தது அப்படியே இருக்கிறது.

டீச்சர் மீண்டும் நோட்டு வாங்கினார். வாரத்தில் மூன்று நாள் நான் வந்து எழுதட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க சாரே. எனக்கு முட்டு வலி. மணல்ல நடக்கப் பற்றல்ல."

அப்படித்தான், முதல் பேருந்தில் போய் நான் கரையில் நின்று பெயர் கூப்பிடத் தொடங்கினேன். டீச்சர் ஒரு கவிழ்த்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் எழுதியதைக் கடைசியில் வாங்கி, ஒவ்வொரு பெயராகச் சரிபார்ப்பார். என்னை அவர் சரிபார்க்காமல் விடுவதில்லை.

ஒருநாள் கடைசி வள்ளம் போனபின் புஷ்பம் என்னிடம் வந்தாள். நோட்டின் முன்பக்கம் ஒன்று வெறுமையாக இருந்ததைக் காட்டினாள்.

"இதுல சூசைன்னு எழுதுங்க. அந்தச் செவ்வாக்கிழமையப் போட்டு, டீச்சருக்க கையெழுத்து மாதிரி."

நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

"மாத்தி எழுத ஒங்களுக்குத் தெரியும்லா?"

டீச்சரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாத்தவ நானு. நானே எழுதல்ல, புஷ்பம். ஒரு பேரு பழைய தேதியப் போட்டுப் பொய்யா எழுதினா மத்த பேரு எல்லாம் பொய்யாப் போவும். நாளைக்கு இன்னொருத்தி இந்த நோட்டத் தூக்கிட்டு ஆபீசு வாசல்ல நிக்கணும்லா?"

எழுதவில்லை. எழுதாதது சரிதான் என்று அறிவு சொல்கிறது. ஆனால் என் பெயர் அச்சாவதற்காக ஒரு வரியை மாற்றத் துணிந்த கை, அவளுக்காக ஒரு பெயரை எழுத மறுத்தது... இதை என்னவென்று சொல்வீர்கள்? நேர்மை என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது.

அதற்குப் பிறகு புஷ்பம் என்னோடு பேசுவதில்லை. ஆனால் நான் போகிற நாட்களில் எல்லாம் வந்து, வலை உலர்த்தும் இடத்தில் தள்ளி நிற்கிறாள். நான் பெயர்களைக் கூப்பிடுகிறேன். இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக "உண்டு" என்கிறார்கள். கடைசிப் பெயரும் முடிந்து, நான் நோட்டை மூடுவதைப் பார்த்த பிறகுதான் அவள் திரும்பி நடக்கிறாள்.